பாதை அக்கரையில் நிற்கிறது

கச்சேரி மாடியில் ஏசி பழுது.
திரையில் வாவி நீலமாக,
அலையில்லாமல், இறால் மணமில்லாமல் கிடக்கிறது.
மகப்பேற்று நிலையம் ஒன்று. காணி மூன்று.
வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒன்றைச் சொல்லவேண்டும்.

சனத்தொகைக்கு நாற்பது,
தூரத்துக்கு முப்பத்தைந்து,
அரச காணி என்றால் இருபத்தைந்து.
எண்களைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணிக்குப் போனேன்.
வந்து பார்க்க, எழுவான்கரையில்
சிவப்புப் புள்ளியொன்று குந்தியிருந்தது.
அதைச் சுற்றி ஐந்து கிலோமீற்றர் வட்டம்
கால் நனையாமல் வாவியைக் கடந்து
படுவான்கரையில் ஏழு ஊரை
அணைத்துக்கொண்டு நின்றது.

"வடிவா வந்திரிக்கி" என்றார் பேரின்பராசா சேர்.
"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன் சேர்."
"என்னத்தப் பாக்க?
எல்லாம் இதுக்குள்ளதானே இரிக்கி."

கொக்கட்டித்துறை.
இரண்டு வள்ளத்தின் மேல் இரும்புத் தட்டு,
பின்னால் இருமுகிற ஒரு மிஷின்.
எங்கள் பக்கத்தில் இதன் பெயர்தான் பாதை.
என் வரைபடத்திலும் பாதை என்றொரு அடுக்கு இருக்கிறது,
தார், கிறவல், அகலம், மதகு எல்லாம் குறித்து.
இந்தப் பாதை அதில் இல்லை.
இது மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு
தானே எழும்பிப் போகிற பாதை.
ஆறரைக்குக் கட்டிவிடுவார்கள்.
வாடை பிடித்தால் பகலிலும்.

இந்தக் கரையில் போன வருடம் பிறப்பு நான்கு
என்கிறது என் அட்டவணை.
நாலுதானா என்று கேட்டேன்,
வட்டைக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்த புவிராணியை.
கை ஓயாமல் சிரித்தாள்.

"என்னகா கேக்கிறீங்க,
ஏழாம் மாசம் பிறந்தா நாங்க இஞ்ச நிக்கிறல்லயே.
அக்கரையில ஆரெண்டாலும் ஒரு சொந்தம் இரிக்கும்.
எனக்கு மச்சாள்ட வீடு.
ஒரு மூட்டை அரிசி கொண்டுபோறது.
அரிசி முடியக்குள்ள
மச்சாள்ட முகமும் மாறிரும்."

மூன்று பிள்ளைக்கும் அக்கரைப் பதிவு.
அந்த நாலு பேர்,
போகிறதுக்குள் முந்திக்கொண்ட நாலு பேர்.
ஐந்தாவதாக ஒன்று பாதையிலேயே, நடு வாவியில்.
"அத எந்தக் கரையில எழுதின?"
"எழுவான்கரையிலதான்.
அரைவாசி தாண்டிப் போச்சு,
மறுகா எப்பிடித் திருப்புற?"

தென்னைமரத்தில் சாய்ந்து மடிக்கணினியைத் திறந்தேன்.
மூடினேன்.
இவர்கள் எனக்கு முந்தியே
எடையெல்லாம் போட்டு முடித்திருக்கிறார்கள்:
வாடைக்கு இவ்வளவு,
பாலத்தடிக்குப் போகும் றோட்டில்
இரவில் நிற்கும் யானைக்கு இவ்வளவு,
புருசன் வெள்ளாமைக் காவலுக்குப் போகிற நாட்களுக்கு இவ்வளவு.
முடிவெடுத்து, அரிசி கட்டி, அக்கரைக்குப் போய்,
அங்கே பெற்றார்கள்.
அதை எண்ணிவிட்டு நான் எழுதினேன்:
எழுவான்கரையில் பிரசவம் கூட,
ஆகவே நிலையமும் எழுவான்கரைக்கே.

துறைக்கு வர ஆறு நாற்பது.
பாதை அக்கரையில் நிற்கிறது, ஒரு லைட்டோடு.
என் வீட்டு வேப்பமரம் தெரிகிற தூரம்.
போனில் தட்டிப் பார்க்கிறேன்:
நேர்கோட்டில் ஆயிரத்து இருநூறு மீற்றர்,
றோட்டால் நாற்பத்தொரு கிலோமீற்றர்.
என்னைக் காட்டும் நீலப் புள்ளி
கரையில் நிற்காமல்
தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறது.

புவிராணியின் மகன் சைக்கிளில் வந்தான்.
"யானை இறங்கிற நேரமாம்.
அம்மா பாய் எடுத்து வெச்சிரிக்கா,
விடியப் போகட்டாம்."

நான் அரிசி கொண்டுவரவில்லை.

குறிப்புப் புத்தகத்தில்
தூரம் என்றிருந்ததை வெட்டி
நேரம் என்று எழுதினேன்.
அதற்குக் கீழே, இரவு.
அதற்குக் கீழே, மச்சாளின் முகம்.
பக்கத்தில் எத்தனை வீதம் போடுவதென்று
தெரியாமல் நிற்க,
பையன் மணியடித்துக் கூப்பிடுகிறான்.